பல உரிமையாளர், ஒரே கூரை
அடுக்ககங்களின் பொது நிர்வாகம் பற்றிச் சில சிந்தனைகள்

(கூட்டுறவுத் துறை அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுக்குமாடிக் குடியிருப்பை அதன் உரிமையாளர்கள் கூடி நிர்வகிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் பணித்தபோது, பெருந்திட்டங்களையும் நிதிநிலை அறிக்கைகளையும் பற்றிப் பேசிப் பழகிய ஒருவனுக்கு இது சிறிய பொருளோ என்று முதலில் தோன்றியது. எண்ணிப் பார்த்தபோது வேறு விதமாகப் பட்டது. பொதுச் செலவு, வரிவிதிப்பு, சேமிப்பு, பெரும்பான்மையோர் முடிவு, சிறுபான்மையோர் உரிமை, அடுத்த தலைமுறைக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்று அரசின் நிதியியலில் நாம் காணும் கேள்விகள் யாவும், இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்துக்குள்ளும் அடங்கிக் கிடக்கின்றன.

பணி நிமித்தமாக மும்பையில் வாழ்ந்த ஆண்டுகளில், நான் குடியிருந்த கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் மேல்தளத்து வீடுகளில் கூரை ஒழுகியது. மொட்டை மாடியைச் செப்பனிட ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீடு பெற்றுப் பொதுக்குழுவில் வைத்தோம். தரைத்தளத்து அன்பர் ஒருவர் எழுந்து, "என் வீட்டில் ஒரு சொட்டு நீர்கூட விழவில்லை, நான் ஏன் பணம் தர வேண்டும்?" என்று கேட்டார். அவர் நல்லவர்; கட்டணப் பாக்கி வைக்காதவர். ஆனால் அவருடைய கேள்விக்கு அன்று அவையில் எவரும் தெளிவான விடை கூறவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. என்னுடைய உரை முழுவதும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே ஆகும்.

பம்பாயில் வேரூன்றிய வழிமுறை

இந்தியாவில் கூட்டுறவுக்குச் சட்ட வடிவம் தந்தது 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அது கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிற நோக்கங்களுக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. அவ்வழியில் 1915இல் பம்பாயின் காம்தேவி பகுதியில் சரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் தோன்றியது. நம் நாட்டின் முன்னோடி வீட்டுச் சங்கங்களுள் ஒன்றான அதனை உருவாக்க உழைத்தவர் எஸ்.எஸ். தல்மாக்கி. நிலமும் கட்டடமும் சங்கத்துக்கே உரியவை. உறுப்பினர் பங்குகளை வாங்கிக் குடியிருக்கும் உரிமையைப் பெறுவார். தனியொருவரால் வாங்க இயலாத நகர நிலத்தைப் பலர் கூடி வாங்குவதே இதன் உட்கருத்து.

சுதந்திரத்துக்குப் பின் இம்முறை பரவியதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைப் பழைய அளவிலேயே நிறுத்தியது. அதனால் குடியிருப்போர் காக்கப்பட்டனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புதிய வாடகைக் கட்டடம் எழுப்புவோர் குறைந்தனர். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க வீட்டுக்காரருக்கு ஊக்கமும் இல்லை, வருவாயும் இல்லை. பழைய கட்டடங்கள் இடிந்து விழும் நிலையை அடைந்த பின், பழுதுபார்ப்புக்கெனத் தனி வரி விதித்து வாரியம் அமைக்க 1969இல் மகாராஷ்டிர அரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. பராமரிக்கும் பொறுப்பு எவருக்கும் உறுதியாக இல்லாத கட்டடம் என்னவாகும் என்பதற்குப் பம்பாயின் பழைய கட்டடங்கள் நமக்குப் பாடம்.

வாடகை வீட்டின் இடத்தைச் சொந்த வீடு பிடித்தது. கட்டித் தருவோர் சிலர் வாங்குவோரிடம் பணம் பெற்றுக்கொண்டு, சங்கம் அமைக்காமலும் நிலத்தை மாற்றித் தராமலும் காலங்கடத்தினர். இதனைக் கட்டுப்படுத்தவே 1963இல் மகாராஷ்டிர உரிமைக் குடியிருப்புச் சட்டம் வந்தது. பின்னர் 1970இல் அடுக்கக உரிமைச் சட்டம் என்ற இரண்டாவது பாதையும் திறக்கப்பட்டது. பிற மாநிலங்களும் இவ்வகைச் சட்டங்களை இயற்றின: கர்நாடகம் 1972இல், தமிழ்நாடு 1994இல், உத்தரப் பிரதேசம் 2010இல். தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது.

இரு வடிவங்கள்

கூட்டுறவுச் சங்கம், அடுக்கக உரிமையாளர் சங்கம் ஆகிய இவ்விரு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அலுவலர்கள் மனத்தில் தெளிவாகக் கொள்ள வேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்தில் நிலமும் கட்டடமும் சங்கத்தின் சொத்து. சங்கத்தின் பெயரிலேயே பத்திரம். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. பெரிய வீடு வைத்திருப்பவருக்கும் சிறிய வீடு வைத்திருப்பவருக்கும் அவையில் சம இடம். மேற்பார்வை கூட்டுறவுப் பதிவாளருடையது.

அடுக்கக உரிமைச் சட்டத்தின்கீழ் வீடு ஒவ்வொருவருக்கும் தனிச் சொத்து. நிலம், படிக்கட்டு, மொட்டை மாடி, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பங்கு உண்டு. அப்பங்கின் விகிதத்திலேயே பொதுச் செலவும் பகிரப்படுகிறது. பொது வசதியை நான் பயன்படுத்தவில்லை, எனவே என் பங்குச் செலவை ஏற்கமாட்டேன் என்று எவரும் விலகிக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை.

முதல் வடிவம் உறுப்பினரை மனிதராகக் கருதி எண்ணுகிறது. இரண்டாவது வடிவம் அவருடைய பங்கை அளக்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. எதைத் தேர்ந்தாலும் அதன் விதியை வீடு வாங்கும்போதே அறிந்திருப்பது நலம். பின்னாளில் எழும் பூசல்களில் பல, வாங்கும் நாளில் துணைவிதிகளைப் படிக்காத காரணத்தால் விளைபவை.

செலவைப் பகிரும் முறை

மகாராஷ்டிரத்தின் மாதிரித் துணைவிதிகள் ஒரே அளவுகோலை எல்லாச் செலவுக்கும் பயன்படுத்துவதில்லை என்பது கருதத்தக்கது. காவலாளி ஊதியம், பொது விளக்கு, அலுவலகச் செலவு போன்ற பணிக் கட்டணம் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. தண்ணீர்க் கட்டணம் வீட்டிலுள்ள குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. பழுதுபார்ப்பு நிதி வீட்டின் கட்டுமானச் செலவைக் கொண்டு அமைகிறது. லிஃப்ட் செலவோ, அதைப் பயன்படுத்துவோர் பயன்படுத்தாதோர் என்ற வேறுபாடின்றி, அக்கட்டடத்து உறுப்பினர் அனைவருக்கும் சமம்.

இவ்விதிகளின் பின்னே ஒரு பொருளியல் நியாயம் உள்ளது. காவலாளி சிறிய வீட்டைக் குறைவாகவும் பெரிய வீட்டை அதிகமாகவும் காப்பதில்லை, ஆகவே சமபங்கு. தண்ணீரின் செலவு பயன்பாட்டோடு வளர்வது. ஆகவே பயன்பாட்டை ஒட்டிய கட்டணம். லிஃப்டைப் பொறுத்தவரை, யார் எத்தனை முறை ஏறினார் என்று கணக்கெடுக்கப் புகுந்தால் வரும் பூசலின் செலவு, சமபங்கால் ஏற்படும் சிறு அநீதியைவிடப் பெரிதாகிவிடும்.

தரைத்தளத்து அன்பரின் கேள்விக்கு விதிகளின் விடையும் இங்கேயே உள்ளது. மழைநீர் ஒழுக்கு, பொதுக் குழாயின் ஒழுக்கு, மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் பழுது சங்கத்தின் செலவு. ஒருவரின் குளியலறையிலிருந்தோ கழுவு தொட்டியிலிருந்தோ கசியும் நீர் அவரவர் செலவு. மொட்டை மாடி என்பது மேல்தளத்தாரின் கூரை மட்டுமாக இருப்பதில்லை. அது கட்டடம் முழுமைக்கும் கூரை. அதில் புகும் நீர் தூணின் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். அந்தத் தூணின் அடிப்பகுதி தரைத்தளத்தார் வீட்டில்தான் நிற்கிறது.

நாளைக்கான நிதி

இனி, என் கருத்தில் மிக முக்கியமானதும் மிகுதியும் புறக்கணிக்கப்படுவதுமான ஒன்றுக்கு வருகிறேன். மாதிரித் துணைவிதிகள் இரு நிதிகளைக் கட்டாயமாக்குகின்றன. வழக்கமான பழுதுபார்ப்புக்கு, வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம், பெரும் பழுதுக்கும் மறுகட்டுமானத்துக்கும் உரிய சேம நிதிக்கு, அதாவது கணக்கேடுகளில் 'சிங்கிங் ஃபண்டு' என்று எழுதப்படுவதற்கு, ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதம். நிலத்தின் விலை இதில் சேராது. சேம நிதியைத் தொடுவதற்குப் பொதுக்குழுவின் தீர்மானமும் கட்டடக் கலைஞரின் சான்றும் வேண்டும்.

இந்தக் குறைந்த அளவு போதுமா? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 24 வீடுகள், வீடொன்றின் கட்டுமானச் செலவு 10 லட்சம் ரூபாய், மொத்தம் 2 கோடியே 40 லட்சம். சேம நிதிக்கு வீடொன்று ஆண்டுக்கு 2,500 ரூபாய் தரும். மாதம் ஏறத்தாழ 208 ரூபாய். கட்டடம் முழுமைக்கும் ஆண்டுக்கு 60,000 ரூபாய். இதனை ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டியில் 30 ஆண்டுகள் சேர்த்தால் ஏறத்தாழ 57 லட்சம் ஆகும். கட்டடத்தின் தொடக்கச் செலவில் இது நான்கில் ஒரு பங்கும் இல்லை.

கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்ததாகக் கொண்டால், 30 ஆண்டுகளுக்குப் பின் அதே கட்டடத்தை எழுப்ப 10 கோடிக்கு மேல் தேவைப்படும். அப்போது நம் 57 லட்சம் அதில் 6 சதவீதத்தைக்கூட எட்டாது. காரணம் எளிது: செலவு உயர்ந்துகொண்டே போகிறது, சந்தாவோ முதல் நாள் விலையிலேயே நிற்கிறது.

மாறாக, சந்தாவையும் ஆண்டுதோறும் 5 சதவீதம் உயர்த்தினால் 30ஆம் ஆண்டின் முடிவில் கையிருப்பு ஏறத்தாழ 99 லட்சமாக இருக்கும். இறுதி ஆண்டில்கூட வீடொன்று தரவேண்டியது மாதம் 860 ரூபாய்க்குள்தான். இதைக் கொண்டும் புதிய கட்டடம் எழுப்ப முடியாது என்பது உண்மையே. ஆனால் தூண்களைச் செப்பனிடவும், லிஃப்டை மாற்றவும், வெளிச்சுவர் பூச்சைப் புதுப்பிக்கவும் ஒரே நேரத்தில் உறுப்பினர்களிடம் கையேந்தும் நிலை வராது.

இவ்வளவு எளிய கணக்கைப் பொதுக்குழு ஏன் ஏற்பதில்லை? உறுப்பினர்களின் கால எல்லைகள் வேறுபடுகின்றன. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், 20 ஆண்டுக்குப் பின் வரும் பழுதுக்கு இன்று ஏன் தர வேண்டும் என்று எண்ணுகிறார். வீட்டை வாடகைக்கு விட்டவர் வருவாயைக் கருதுகிறார். விரைவில் விற்க நினைப்பவர் கட்டணம் உயராமல் இருந்தால் போதும் என்கிறார். ஒவ்வொருவர் முடிவும் அவரவர் நோக்கில் அறிவுக்குப் பொருந்தியதே. எல்லோருடைய அறிவும் ஒன்று சேர்ந்து கட்டடத்தைப் பாழாக்குகிறது. நகராட்சிகள் தண்ணீர்க் குழாயைப் புதுப்பிக்காமல் வரியைக் குறைவாக வைப்பதும், அரசுகள் பராமரிப்புச் செலவை வெட்டிப் பற்றாக்குறையைக் குறைப்பதும் இதே நோயின் வேறு தோற்றங்கள் எனலாம்.

பொதுச் சொத்தைக் காக்க முடியுமா?

பொதுவில் உள்ளதைத் தனிமனிதர் தம் நலம் கருதி அழித்துவிடுவர் என்று 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். அதை மேய்ச்சல் நிலத்தின் உவமை கொண்டு விளக்கினார். எலினார் ஆஸ்ட்ரோம் அம்மையார் உலகின் பல பகுதிகளில் பாசனக் கால்வாய்களையும் மீன்பிடி நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து, மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுச் சொத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த சான்றுகளை 1990இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். பொருளியலுக்கான நோபல் பரிசு 2009இல் அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. ஏரியையும் வரத்துக்கால்களையும் ஊரார் கூடிப் பேணிய குடிமராமத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு அவருடைய முடிவு வியப்பளிக்காது.

அம்மையார் கண்ட நெறிகளை அடுக்ககத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். எது பொது, எது தனி என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும்; வண்டி நிறுத்துமிடமும் மொட்டை மாடியும் பற்றிய வழக்குகள் எல்லைத் தெளிவின்மையால் வருபவை. விதிக்குக் கட்டுப்படுவோர் விதியை வகுப்பதிலும் பங்கேற்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் கூட வேண்டிய ஆண்டுப் பொதுக்குழுவைச் சடங்காக்கிவிட்டால் இது நிறைவேறாது. கண்காணிப்பவர் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்க வேண்டும். தவறுக்கேற்பத் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும்.

கடைசி நெறி கட்டணப் பாக்கிக்கு மிகவும் பொருந்தும். முதலில் நினைவூட்டல், பின் வட்டி, இதற்கு மாதிரித் துணைவிதிகள் வகுத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 21 சதவீதத் தனி வட்டி. அதற்கும் இணங்காதபோது பதிவாளரிடம் வசூல் சான்று பெற்று, நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம். பாக்கிதாரரின் பெயரை லிஃப்டில் ஒட்டுவதும், குடிநீரை நிறுத்துவதாக மிரட்டுவதும் இந்தப் படிகளில் சேரா. அவை அண்டை வீட்டு உறவைக் குலைத்து, இருபது ஆண்டுகள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியவர்களைப் பகைவர்களாக்கிவிடும்.

நிலம் யார் பெயரில்?

கட்டடத்துக்கு ஆயுள் உண்டு, நிலத்துக்கு இல்லை. எனவே நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதே நாளை எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 1963ஆம் ஆண்டுச் சட்டமும் விதிகளும், சங்கம் பதிவான நான்கு மாதங்களுக்குள் நிலத்தையும் கட்டடத்தையும் மாற்றித்தரப் பணித்தன. ஆயினும், எதிர்காலத்தில் கூடுதல் பரப்பு கட்டும் உரிமை தம்மிடமே இருக்க வேண்டும் என்று கருதிக் கட்டித் தந்தவர் பலர் பத்திரம் தரவில்லை. 2008இல் சட்டம் திருத்தப்பட்டு, அவர்கள் ஒத்துழைக்காவிட்டாலும் தகுதிபெற்ற அலுவலரே சான்றளித்து நிலத்தைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்ய வழி பிறந்தது. 2016ஆம் ஆண்டின் மத்திய வீடு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமாகிய 'ரெரா', உரிமையாளர் சங்கம் அமைத்தலையும் பொது இடங்களைச் சங்கத்துக்கு மாற்றித் தருதலையும் காலவரம்புக்கு உட்படுத்தியது. கட்டுமானக் குறைகளைக் கட்டித் தந்தவரே ஐந்தாண்டு வரை செலவின்றிச் சரிசெய்யவும் அது வகை செய்தது.

பிரிபடாத பங்கு என்பது ஏட்டுச் சொல் அன்று என்பதை நொய்டா வழக்கு நாடறியக் காட்டியது. அங்கே ஒரு குடியிருப்பு வளாகத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. இருக்கும் உரிமையாளர்களின் இசைவு பெறப்படவில்லை. கட்டடங்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளியும் விடப்படவில்லை. குடியிருப்போர் சங்கம் 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2014இல் அங்குப் பெற்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 அன்று உறுதி செய்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் ஒரு வழக்கை நடத்துவது தனி ஒருவரால் ஆகக்கூடியதன்று. சங்கம் ஒன்று இருந்தது, அது கூடியது, நிதி திரட்டியது, ஆகவே வென்றது.

மறுகட்டுமானம் என்னும் தேர்வு

மும்பையில் 30, 40 ஆண்டுகளைக் கடந்த சங்கங்களின் முன்னால் இன்று நிற்கும் கேள்வி, பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்பது. 15 முதல் 30 ஆண்டு வயதுள்ள கட்டடத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டதற்கு மூன்றாண்டுக்கு ஒரு முறையும் கட்டமைப்புத் தணிக்கை செய்ய மாதிரித் துணைவிதிகள் கூறுகின்றன. மருத்துவச் சோதனையைப் போல, அச்சத்தால் இதனைத் தள்ளிப்போடுவோர் உண்டு.

மறுகட்டுமானத்துக்கு மகாராஷ்டிர அரசு 2019 ஜூலையில் வகுத்த நெறிமுறைகள், மொத்த உறுப்பினரில் 51 சதவீதத்தினரின் இசைவைக் கோருகின்றன. வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி, கூட்டத்தை ஒளிப்பதிவு செய்தல் ஆகியவையும் அவற்றில் உண்டு. இசைவின் அளவை உயர்த்தினால் ஓரிருவர் அனைவரையும் நிறுத்திவைக்கலாம்; தாழ்த்தினால் பாதிக்குச் சற்றே குறைந்தோர் விருப்பமின்றி வீட்டை விட்டு வெளியேற வேண்டிவரும். எண்ணை எங்கே வைத்தாலும் இடர்ப்பாடு உண்டு. ஆகவே எண்ணைவிட முறையே முக்கியம். கணக்கும் வரைபடமும் ஒப்பந்தமும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவருடைய மொழியில் முன்கூட்டியே கிடைத்திருந்தால், தோற்ற சிறுபான்மையோரும் முடிவை ஏற்பர். நிர்வாகக் குழுவின் சிலர் மட்டும் அறிந்த ஒப்பந்தம், 90 சதவீத ஆதரவு பெற்றாலும் நீதிமன்றத்தில்தான் முடியும்.

அலுவலர்களுக்கு ஒரு சொல்

கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 2011ஆம் ஆண்டின் 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது. அத்திருத்தம் புகுத்திய விரிவான விதிகள் மாநிலச் சங்கங்களுக்குப் பொருந்தா என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரம் 2019இல் தன் கூட்டுறவுச் சட்டத்தில் வீட்டுச் சங்கங்களுக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தது. கடன் சங்கத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் வகுத்த விதியை இருபது வீட்டுச் சங்கத்தின் மீதும் சுமத்துவது பொருத்தமன்று என்பதை உணர்ந்த மாற்றம் அது.

உங்கள் மேசைக்கு வரும் சங்கக் கோப்புகளில் பெரும்பாலானவை பூசல் முற்றிய பின் வருபவை. அதற்கு முந்தைய அமைதியான ஆண்டுகளில்தான் சங்கம் வாழ்கிறது, அல்லது நலிகிறது. ஆய்வுக்குச் செல்லும்போது தேர்தல் நடந்ததா, தணிக்கை முடிந்ததா என்று பார்ப்பதோடு, சேம நிதிச் சந்தா கடைசியாக எந்த ஆண்டில் உயர்த்தப்பட்டது என்றும் கேளுங்கள். அந்த ஒரு விடை, சங்கத்தின் உடல்நலத்தைப் பல பக்க அறிக்கையைவிடத் தெளிவாகக் கூறும்.

தொடக்கத்தில் சொன்ன மொட்டை மாடிக்குத் திரும்புகிறேன். இரண்டு மழைக்காலங்கள் கடந்த பின் அதைச் செப்பனிட்டோம். செலவு முதல் மதிப்பீட்டின் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. அதற்குள் ஒரு தூணின் பூச்சு உதிர்ந்து கம்பி வெளித்தெரிந்திருந்தது. அந்தத் தூண் கேள்வி கேட்ட அன்பரின் கூடத்தில் நின்றது. இதில் அவர்மீது குற்றம் சுமத்த நான் விரும்பவில்லை. விதியை எடுத்துப் படித்து, கணக்கைப் போட்டுக் காட்டி, அன்றே அவருக்கு விடை சொல்லியிருக்க வேண்டியவன் பொருளாளராகிய நான். பொருளியல் படித்தவனாக இருந்தும் அன்று அந்தக் கணக்கை அவைமுன் வைக்காமல் போனேன். அடுத்த ஆண்டு வைத்தேன். சந்தாவை உயர்த்தும் தீர்மானத்தை வழிமொழிந்தவர் அந்தத் தரைத்தளத்து அன்பர்தான்.